மின்சாரத்தின் வாயிற்காவலன்

டிரான்ஸிஸ்டர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் மூத்தவர்களின் நினைவில் எழுவது ஒரு சிறு வானொலிப் பெட்டியே. தோலுறை இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, வயல் வரப்பிலும் தேநீர்க் கடையிலும் ரயில் பெட்டியிலும் பாட்டும் செய்தியும் கேட்க உதவிய அப்பெட்டிக்கு, அதனுள் இருந்த ஒரு சிறு உறுப்பின் பெயரே ஆகுபெயராக அமைந்துவிட்டது. பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் சென்று குடியேறிய தமிழர் பலருக்குத் தாய்மொழியின் ஓசையை அறைக்குள் கொணர்ந்து தந்ததும் அப்பெட்டிதான். ஆகவே, மெலிந்த ஒலியைப் பெருக்கித் தருவதே டிரான்ஸிஸ்டரின் தொழில் என்னும் எண்ணம் நம் மனத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அவ்வுறுப்புக்கு வேறொரு தொழிலும் உண்டு. உலக வாழ்வின் செலவுக் கணக்கில் அதுவே பெரிய தொழில் எனலாம். மின்சாரத்தின் பாதையில் வாயிற்காவலனாக நின்று, வேண்டும்பொழுது வழிவிட்டு, வேண்டாதபொழுது அடைத்துவிடும் தொழிலே அது. நம்மை ஏற்றிச் செல்லும் மின்ரயிலும், அறையைக் குளிர்விக்கும் சாதனமும், நெருப்பில்லாமல் சோறு சமைக்கும் இண்டக்ஷன் அடுப்பும் இன்று இக்காவலனுக்குக் கட்டுப்பட்டே இயங்குகின்றன. காதுக்குத் துணையாகப் பிறந்த ஒரு பொருள் ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட யந்திரங்களை ஆளும் நிலைக்கு உயர்ந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மின்சாரம் வேலை செய்யும் இடத்தை, அது விளக்காயினும் மோட்டாராயினும் அடுப்பாயினும், பொறியாளர் ‘சுமை’ என்பர். சுமைக்குச் செல்லும் மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் மனிதன் முதலில் கண்டது கையால் தள்ளும் ஸ்விட்ச். வீட்டு விளக்குக்கு அது போதும். ஆனால் சுமை தொலைவில் இருந்தால் என் செய்வது? நொடிக்குப் பல தடவை திறந்து மூட வேண்டியிருந்தால் எந்தக் கை அதற்கு ஈடுகொடுக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, மிகச் சிறிய மின்சாரம் ஒன்று மிகப் பெரிய மின்சாரத்துக்கு ஆணையிட முடியுமா? இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளின் தொடர்ச்சியே நம் வரலாறு.

முதல் விடையை அளித்தவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானியான ஜோசப் ஹென்றி. 1835ஆம் ஆண்டளவில், தொலைவிலிருந்து வரும் சிறு மின்னோட்டத்தால் ஒரு மின்காந்தத்தை இயக்கி, அதைக் கொண்டு வேறொரு வலிய மின்சுற்றைக் கட்டுப்படுத்திக் காட்டினார். இதுவே ‘ரிலே’ என்று பெயர் பெற்றது. சிறு மின்சாரம் கம்பிச்சுருளைக் காந்தமாக்கும். காந்தம் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு பெரிய மின்சாரத்தின் பாதையை இணைக்கும். தந்தி நிலையங்களிலும், ரயில்வே சிக்னல் அறைகளிலும், டெலிபோன் நிலையங்களிலும் ‘டக் டக்’ என ஒலித்துப் பல்லாண்டு உழைத்தது இக்கருவி. இன்றும் அதன் பணி முற்றுப்பெறவில்லை.

எனினும் ரிலேயிடம் பிறவிக்குறைகள் சில உண்டு. தகடு பிரியும் ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கும். பொறி பறக்கப் பறக்க உலோக முனை தேயும். அசையும் உறுப்பு ஆகையால், நொடிக்குச் சில தடவைக்கு மேல் ஓயாது இயங்கச் சொன்னால் அது விரைவில் சோர்ந்துவிடும். பொறியும் தேய்வும் அசைவும் இல்லாத ஸ்விட்ச் ஒன்று வேண்டும் என்பதே அடுத்த நூறாண்டின் தேடலாயிற்று.

அத்தேடலின் இடையில் வந்தவை வால்வுகள். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் அமைத்த மூன்று முனை வால்வு, வானொலிக் கலைக்கு உயிரூட்டியது. ஆயினும் அதன் உள்ளிழையைச் சூடாக்கவே மின்சாரம் செலவாயிற்று. பெருஞ்சுமையைத் தாங்கும் ஆற்றலும் அதற்குக் குறைவு. பெருஞ்சுமைகளுக்குப் பாதரச ஆவி நிரம்பிய குழாய்கள் கைகொடுத்தன. நம் நாட்டில் 25,000 வோல்ட்டு மாறுமின்சாரத்தில் ஓடுவதற்காக 1959இல் வந்திறங்கிய முதல் ரயில் எஞ்சின்களில் ‘இக்னைட்ரான்’ என்னும் பாதரசக் குழாய்களே பொருத்தப்பட்டிருந்தன. ஓடும் வண்டியின் குலுக்கலில் திரவ உலோகம் நிரம்பிய குழாய்களைக் காத்துப் பராமரிப்பது எத்துணை இடர் நிறைந்தது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இதற்குள் அமெரிக்காவில் வேறொரு விதை முளைத்துவிட்டது. நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில் என்னும் ஊரிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில், 1947 டிசம்பர் 16 அன்று, ஜான் பார்டீன், வால்டர் பிராட்டன் என்னும் இருவர் ஜெர்மானியத் துண்டு ஒன்றின்மேல் இரண்டு பொன்முனைகளை மிக நெருக்கமாக ஊன்றி, ஒரு முனையில் செலுத்திய சிறு மின்குறி மறுமுனையில் பெருகி வெளிப்படுவதைக் கண்டனர். அவர்கள் குழுவின் தலைவரான வில்லியம் ஷாக்லி, அடுத்த சில வாரங்களுக்குள் இன்னும் உறுதியான அமைப்பு ஒன்றைக் கருத்தளவில் வகுத்தார். மூவரும் 1956இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கண்டுபிடிப்பு 1948 ஜூன் 30 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அச்செய்தியை 46ஆம் பக்கத்தில், வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றிய பத்தியின் கடைசியில் வெளியிட்டது. வானொலி வால்வுக்கு மாற்றான ஒரு சிறு பொருள் என்ற அளவிலேயே அன்று அது மதிக்கப்பட்டது. அதற்கேற்பவே காதுகேளாதோர் கருவியிலும், 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நான்கு டிரான்ஸிஸ்டர் கொண்ட கையடக்க வானொலியிலும் அது முதலில் குடிபுகுந்தது. நம் நாட்டிலும் 1954இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1960களின் தொடக்கத்தில் பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் ஜெர்மானிய டிரான்ஸிஸ்டர்களைச் செய்யலாயிற்று. அந்த ஜாலஹள்ளியை மீண்டும் ஒரு தடவை நாம் சந்திக்க இருக்கிறோம்.

இனி, ஒலியைப் பெருக்கும் கருவி எவ்வாறு வாயிற்காவலனாயிற்று என்பதை உணர, முன்பு நம் வீடுகளில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டரை நினைவுகூர்வோம். சுவரில் பதித்த ஒரு பெரிய பெட்டி. அதில் ஐந்து எண்கள். குமிழைத் திருப்பினால் விசிறியின் வேகம் குறையும். கையை வைத்துப் பார்த்தால் பெட்டி சுடும். உள்ளே இருந்தது மின்தடைக் கம்பிச்சுருள். விசிறிக்குச் செல்லும் மின்சாரத்தை அது வழிமறித்தது; மறித்ததன் விலையாக ஒரு பகுதியை வெப்பமாக்கிக் காற்றில் விட்டது. விசிறி மெதுவாகச் சுற்றியபோதும் மின்கட்டணம் அதற்கேற்பக் குறையாமல் போனதன் காரணம் இதுவே.

இதே முறைதான் பெரிய அளவில் ரயில்களிலும் கையாளப்பட்டது. பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு 1925 பிப்ரவரி 3 அன்று ஓடிய முதல் மின்ரயிலும், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் ஓடத்தொடங்கிய மின்ரயிலும் 1,500 வோல்ட்டு நேர்மின்சாரத்தில் இயங்கின. அத்தகைய வண்டிகள் புறப்படும்பொழுது மோட்டார்களுக்குள் மின்சாரம் ஒரேயடியாகப் பாய்ந்துவிடாதபடி, வண்டியின் அடியில் வரிசையாக மின்தடைகளை வைத்து, வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக விலக்குவர். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று ஒவ்வொரு நிலையத்திலும் புறப்படும் புறநகர் வண்டிக்கு, இவ்வாறு வெப்பமாகிக் கழிந்த மின்சாரம் நாள்தோறும் எவ்வளவு ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 12 வோல்ட்டு மின்கலத்தோடு நேராக இணைத்தால் 10 ஆம்பியர் எடுக்கும் ஒரு சூடேற்றியைக் கொள்வோம். அதன் முழுத்திறன் 120 வாட்டு. நமக்கு 30 வாட்டு வெப்பமே போதும். பாதையில் ஒரு டிரான்ஸிஸ்டரை வைத்து, அதைப் பாதி திறந்த கதவுபோல நிறுத்துகிறோம். இப்போது சூடேற்றியின் பங்குக்கு 6 வோல்ட்டும், டிரான்ஸிஸ்டரின் பங்குக்கு 6 வோல்ட்டும் விழும். இரண்டிலும் 5 ஆம்பியர் ஓடும். சூடேற்றிக்கு வேண்டிய 30 வாட்டு கிடைத்துவிட்டது. ஆனால் காவல் நின்ற டிரான்ஸிஸ்டரும் 30 வாட்டு வெப்பத்தைத் தாங்கித் தவிக்கிறது. விரல்நுனி அளவுள்ள அப்பொருளுக்கு அது சாவுத்தண்டனை.

அதே டிரான்ஸிஸ்டரைப் பாதி திறந்து நிறுத்தாமல், முழுவதும் திறந்து பார்ப்போம். அப்போது 10 ஆம்பியர் ஓடும். ஆனால் டிரான்ஸிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே பத்தில் ஒரு வோல்ட்டு அளவே எஞ்சுகிறது எனக் கொண்டால், அதில் பிறக்கும் வெப்பம் 1 வாட்டுதான். முழுவதும் மூடினாலோ, 12 வோல்ட்டு அதன்மேல் நின்றாலும் மின்னோட்டம் இல்லாமையால் வெப்பமும் இல்லை. ஆகவே கதவை விரைந்து விரைந்து திறந்து மூடுவோம். காலத்தில் கால்பங்கு திறப்பு, முக்கால்பங்கு அடைப்பு. சூடேற்றிக்குச் சராசரியாக அதே 30 வாட்டு சேரும். காவலனோ கால் வாட்டு வெப்பத்தோடு குளிர்ந்த மேனியனாக நிற்பான். திறக்கும் கணத்திலும் மூடும் கணத்திலும் சிறிது இழப்பு உண்டு. அதைச் சேர்த்தாலும் முந்தைய 30 வாட்டுக்கு அது ஈடாகாது.

மின்திறன் கட்டுப்பாட்டின் மறைபொருள் முழுவதும் இவ்வளவே. பாதி திறந்த கதவு எரியும். முழுதும் திறந்த கதவும் முழுதும் மூடிய கதவும் குளிர்ந்திருக்கும். வழிமறித்து அளவு குறைப்பதற்கு மாறாக, காலத்தை அளந்து வழிவிட வேண்டும். வானொலியில் ஒலியைப் பெருக்கும் டிரான்ஸிஸ்டர் பாதி திறந்த நிலையில்தான் பணிபுரிகிறது. அங்கே திறன் மிகச் சிறிது ஆகையால் கேடில்லை. பெருஞ்சுமையை ஆளும் டிரான்ஸிஸ்டர் அந்த நடுநிலையில் ஒரு கணமும் தங்கலாகாது. இவ்வுண்மையை உணர்ந்தபோதே அதன் இரண்டாம் பிறவி தொடங்கியது. 1950களின் நடுவில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஜார்ஜ் ராயர் இரண்டு டிரான்ஸிஸ்டர்களை மாறி மாறித் திறந்து மூடச் செய்து, நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் சுற்றை அமைத்துக் காட்டினார். இன்று மின்வெட்டுக் காலத்தில் வீட்டைக் காக்கும் இன்வெர்ட்டரின் முன்னோர்களுள் அதுவும் ஒன்று.

இக்காவலனுக்கு ஒரு பகையும் உண்டு. மோட்டாரும் ரிலேயும் கம்பிச்சுருளால் ஆனவை. கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம், விரைந்தோடும் வண்டியைப் போன்றது, நினைத்தவுடன் நிற்காது. டிரான்ஸிஸ்டர் திடீரெனக் கதவை அடைத்தால், சுருள் தன் மின்னோட்டத்தைத் தொடர முயன்று நூற்றுக்கணக்கான வோல்ட்டு அழுத்தத்தை எழுப்பிக் காவலனையே குத்தி வீழ்த்திவிடும். இதற்கு மாற்று எளிது. சுருளுக்குக் குறுக்கே, ஒரு திசையில் மட்டும் வழிவிடும் டையோடு ஒன்றை இணைத்துவிட்டால், கதவு அடைந்ததும் மின்னோட்டம் அதன் வழியே சுற்றி வந்து மெல்ல அடங்கிவிடும். சில காசுகள் பெறும் இச்சிறு உறுப்பை மறந்ததால் எரிந்துபோன டிரான்ஸிஸ்டர்களுக்குக் கணக்கில்லை.

அடுத்த இடர், காவலனின் உடல்வலிமையைப் பற்றியது. ஜெர்மானியம் சூட்டைத் தாங்காது. 1954இல் சிலிக்கானால் டிரான்ஸிஸ்டர் செய்யும் வழி பெல் ஆராய்ச்சிச் சாலையிலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திலும் கைகூடியது. மணலிலிருந்து பெறப்படும் சிலிக்கான், ஜெர்மானியத்தைவிட மிகுந்த சூட்டிலும் தளராது நின்றது. 1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் சிலிக்கானின் நான்கு அடுக்குகளைக் கொண்ட ஒரு புதிய ஸ்விட்ச்சைச் செய்தனர். பின்னர் ‘தைரிஸ்டர்’ எனப் பெயர் பெற்ற அது, பாதரசக் குழாய்களை அரசிழக்கச் செய்தது.

தைரிஸ்டரின் வலிமை பெரிது; ஆயின் பிடிவாதமும் பெரிது. ஒரு சிறு தூண்டலால் அது திறந்துகொள்ளும். திறந்தபின் யார் சொன்னாலும் மூடாது. ஓடும் மின்னோட்டம் தானாக அற்றுப்போனால்தான் அடையும். நம் நாட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 100 தடவை சுழியைக் கடக்கிறது ஆகையால், அங்கே இக்குறை தடையாகவில்லை. தைரிஸ்டரின் உறவான ‘டிரையாக்’ வந்தபின் மின்விசிறியின் சுடும் பெட்டி மறைந்து, விரல் அளவுக் குமிழ் அவ்விடத்தைப் பிடித்தது. ஒடிசாவின் தால்செரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 2,000 மெகாவாட்டு மின்சாரத்தைக் கொண்டுவர 2003இல் அமைந்த நேர்மின்சாரப் பாதையும் தைரிஸ்டர்களின் தோளில் நிற்பதே. ஆனால் நேர்மின்சாரத்திலிருந்து மோட்டாரை ஓட்ட வேண்டுமானால், மூடச் சொன்னால் மூடும் காவலன் வேண்டும்.

பழைய டிரான்ஸிஸ்டர் சொன்னபடி மூடும். ஆனால் அது கூலி அதிகம் கேட்கும் காவலன். பெருமின்னோட்டத்தைத் திறந்து வைத்திருக்க, அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது இருபதில் ஒரு பங்கு மின்னோட்டத்தைக் கட்டுப்பாட்டு முனையில் இடைவிடாது ஊட்ட வேண்டும். 1960இல் பெல் ஆராய்ச்சிச் சாலையின் முகமது அட்டாலா, தாவோன் காங் ஆகியோர் வெளிப்படுத்திய ‘மாஸ்’ டிரான்ஸிஸ்டர் இக்கூலியை ஏறக்குறைய ஒழித்தது. அதன் கட்டுப்பாட்டு முனை ஒரு மெல்லிய கண்ணாடிப் படலத்தால் காக்கப்பட்டது. மின்னழுத்தம் காட்டினால் போதும், மின்னோட்டம் ஊட்டவேண்டுவதில்லை. 1970களின் பிற்பகுதியில் பெருஞ்சுமைக்கேற்ற மாஸ் டிரான்ஸிஸ்டர்கள் சந்தைக்கு வந்தன. ஆயினும் அவற்றிலும் ஒரு குறை. தாங்கவேண்டிய மின்னழுத்தம் உயர உயர, திறந்த நிலையில் அவற்றின் மின்தடையும் மிக வேகமாக உயர்ந்தது. சில பத்து வோல்ட்டுக்குச் சிறந்த காவலன், பல நூறு வோல்ட்டில் மூச்சுத்திணறினான்.

சொற்படி கேட்கும் ஒருவனிடம் வலிமை இல்லை. வலிமை உடையவனோ சொற்படி கேட்பதில்லை. இவ்விருவரையும் ஓருடலாக்க முடியுமா? இதற்கு வழிகண்டவர்களுள் முதன்மையாக எண்ணப்படுபவர் சென்னையில் 1948ஆம் ஆண்டு பிறந்த ஜயந்த் பாலிகா. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்த பொறியாளர் ஒருவரின் மைந்தராக, நாம் முன்னே கண்ட ஜாலஹள்ளியில் வளர்ந்தவர். சென்னைக் கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யில் 1969இல் மின்பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். அங்கே ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1974இல் நியூயார்க் மாநிலத்தின் ஷெனக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் எண்ணெய் விலை ஏற்றத்தால் உலகெங்கும் மின்சாரச் சிக்கனம் பற்றிய கவலை மிகுந்திருந்தது. மோட்டார்களின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்ற வல்ல, விலை குறைந்த ஸ்விட்ச் ஒன்றை அந்நிறுவனம் தேடியது. மாஸ் டிரான்ஸிஸ்டரின் கட்டுப்பாட்டு வாயிலையும், பழைய டிரான்ஸிஸ்டரின் மின்சாரம் சுமக்கும் உடலையும் ஒரே சிலிக்கான் துண்டில் பிணைக்கும் அமைப்பை பாலிகா 1980இல் முன்மொழிந்தார். புதிய தொழிற்சாலை கட்ட வேண்டாம், இருக்கும் சாலையிலேயே செய்யலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. 1982 டிசம்பரில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. 1983இல் பொருள் விற்பனைக்கு வந்தது. இன்று அதனை உலகம் ‘ஐ.ஜி.பி.டி.’ என்று அழைக்கிறது.

ஒரு கண்டுபிடிப்பு ஒருவர் மூளையில் மட்டும் பிறப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லுதல் முறை. இத்தகைய அமைப்பின் சாயல் 1968இலேயே ஜப்பானிய உரிமப் பத்திரம் ஒன்றில் காணப்படுகிறது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பெக்கே, கார்ல் வீட்லி ஆகியோரும் 1980இல் இதற்கு உரிமம் கோரினர். தொடக்கத்தில் இவ்வுறுப்புக்குள் மறைந்திருந்த நான்கு அடுக்குகள் சிலபோது தைரிஸ்டரின் குணத்தைக் காட்டி, மூடச் சொன்னாலும் மூடாது அடம்பிடித்தன. அதனால் இது நடைமுறைக்கு உதவாது என்று கருதியவர்களும் உண்டு. பாலிகாவின் குழுவினர் அடுக்குகளின் அமைப்பை மாற்றி அக்குணத்தை அடக்கினர்; 1984இல் ஜப்பானின் டோஷிபா நிறுவனத்து அகியோ நககாவா அதனை முற்றிலும் ஒழிக்கும் வடிவத்தைத் தந்தார். பிற்காலத்தில் பாலிகாவுக்கு 2014இல் ஐ.இ.இ.இ. கௌரவப் பதக்கமும், 2024இல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசும் வழங்கப்பெற்றன.

இனி இதன் பயனை நம் நாட்டுத் தண்டவாளத்தில் காண்போம். 1995இல் ஏ.பி.பி. நிறுவனத்திடமிருந்து வந்த ‘டபிள்யூ.ஏ.பி.-5’ எஞ்சின்கள், நம் ரயில்வேயில் புதிய ஊழியைத் தொடங்கின. அவற்றில் கரித்துண்டு தேயும் பழைய மோட்டாருக்கு மாற்றாக, எளிய உறுதியான மூன்று கட்ட மோட்டார்கள் அமைந்தன. அவற்றை ஆண்டவை, சொன்னால் மூடும்படி திருத்தப்பட்ட ஒருவகைத் தைரிஸ்டர்கள். ஆனால் மூடச்செய்ய, ஓடும் மின்னோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எதிர்த்திசையில் செலுத்தவேண்டியிருந்தது. பின்னர் மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவான எஞ்சின்களில் ஐ.ஜி.பி.டி. அவ்விடத்தைப் பெற்றது. சென்னைப் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி, 2019 பிப்ரவரியில் டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத்தொடங்கிய வந்தே பாரத் வண்டியையும் ஐ.ஜி.பி.டி.யே இயக்குகிறது.

இத்தகைய வண்டி புறப்படும்பொழுது, சுருதி கூட்டுவதுபோல் ஓர் ஒலி எழுந்து படிப்படியாக ஏறுவதைப் பயணிகள் செவியுற்றிருக்கலாம். காவலர்கள் நொடிக்குப் பல நூறு தடவை கதவைத் திறந்து மூடும் ஓசை மோட்டாரின் இரும்பில் எதிரொலிப்பதே அது. அன்றியும், வண்டியை நிறுத்தும்பொழுது மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி மேற்கம்பிக்கே திருப்பித் தருகின்றன. முன்பு வண்டி புறப்படும்பொழுது மின்தடையிலும், நிற்கும்பொழுது பிரேக் கட்டையிலும் வெப்பமாகிக் கழிந்ததில் ஒரு பகுதி இப்போது பின்னால் வரும் வண்டிக்கு உதவுகிறது. பம்பாயின் பழைய 1,500 வோல்ட்டு முறை 2016இல் முற்றிலும் விடைபெற்றது; மின்தடையின் காலமும் அதனோடு கடந்தது.

மாநிலங்களை இணைக்கும் மின்பாதைகளிலும் இதன் கை ஓங்கிவருகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்குச் சுமார் 1,765 கிலோமீட்டர் நீளும் 6,000 மெகாவாட்டு நேர்மின்சாரப் பாதை தைரிஸ்டர்களால் ஆளப்படுவது. அப்புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட்டுப் பாதையோ, 2021இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட, ஐ.ஜி.பி.டி. முறையில் அமைந்த நம் முதல் பாதை. வடக்கே பிலாஸ்பூரிலும் பிலாயிலும் வேலைசெய்யும் தமிழர்களைச் சூழ்ந்துள்ள நிலக்கரி நாட்டின் மின்சாரம், தெற்கே அவர்கள் பிறந்த ஊரின் விளக்கை ஏற்றக்கூடிய காலம் இது.

வீட்டுக்குள் வந்தால், இண்டக்ஷன் அடுப்பில் ஓர் ஐ.ஜி.பி.டி. நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திறந்து மூடி, பாத்திரத்தின் அடிப்பாகத்தையே சூடேற்றுகிறது. வெளியூரில் ஒற்றை அறையில் தங்கிச் சமைத்துண்ணும் இளைஞர்களுக்கு அதன் அருமை தெரியும். சுமார் 75 வாட்டு எடுத்த மின்விசிறியின் இடத்தில் இன்று சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும் விசிறிகள் கிடைக்கின்றன. அவற்றின் மோட்டாரைச் சுற்றவைப்பவை சிறு மாஸ் டிரான்ஸிஸ்டர்கள். சிலிக்கானையும் விஞ்சும் சிலிக்கான் கார்பைடு என்னும் பொருளாலான காவலர்கள் மின்கார்களில் பணியேற்றுவிட்டனர். அப்பொருளின் தகுதியை முன்னரே கணித்துச் சொன்னவர்களுள்ளும் பாலிகா ஒருவர்.

இவ்வரலாற்றில் நாம் பெருமை கொள்ளவும் இடமுண்டு, சிந்திக்கவும் இடமுண்டு. சென்னையில் கற்ற ஒருவர் ஷெனக்டடியில் கண்ட பொருள், ஜப்பானில் செம்மையுற்று, ஐரோப்பிய எஞ்சின்களின் வழியே சுற்றிக்கொண்டு நம் தண்டவாளத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று எஞ்சினை நாமே கட்டுகிறோம். பெட்டியை நாமே கட்டுகிறோம். அவற்றை ஆளும் சிலிக்கான் வில்லைகளுக்கோ இன்னும் பெரும்பாலும் அயல்நாடுகளையே நாடியிருக்கிறோம். 1960களில் ஜாலஹள்ளியில் தொடங்கிய பணியில் எஞ்சியிருக்கும் பகுதி இது.

புதிதாக மின்நிலையம் ஒன்றைக் கட்டி மின்சாரத்தைப் பெருக்குவது ஒரு வழி. இருக்கும் மின்சாரம் வெப்பமாகி வீணாகாதபடி காப்பது மற்றொரு வழி. முன்னதற்கு அணையும் புகைபோக்கியும் சான்றாக நின்று கண்ணுக்குத் தெரியும். பின்னதற்குச் சான்று, நகத்தளவுள்ள ஒரு சிலிக்கான் துண்டும், கைவைத்தால் சுடாத ஒரு பெட்டியுமே. ஆயினும் நாட்டின் மின்கணக்கில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் வரவு வைக்கப்படுகின்றன.